உரை மருந்து டப்பா

கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் உள்ள அந்த நாட்டு மருந்துக் கடையில் கேட்டுக் கிடைக்காத சாமான் ரொம்பக் குறைவு. அதிமதுரம், சித்தரத்தை, கண்டங்கத்திரி, யாருக்கும் பெயர் தெரியாத பத்து வகை வேர், எல்லாம் இருக்கும். ஆனால் கைப்பிள்ளைக்கு உரை மருந்து என்று கேட்டால் மட்டும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் ஷிரின் "இல்லீங்க" என்று சொல்லிவிடுவாள். வசம்பும் ஜாதிக்காயும் அவள் முதுகுக்குப் பின்னாலேயே ஜாடியில் தெரியும். வந்தவர்கள் ஜாடியைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள். "அதோ இருக்குதேம்மா" என்று கையை நீட்டிக் காட்டியவர்களும் உண்டு. அவர்களுக்கும் அதே பதில்தான். பாய் வீட்டு மருமகளுக்குத் திமிர் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பேசுகிறவர்கள் வாயை மூட என்னால் ஆகாது. நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஷிரின் பிறந்தது திருக்கோவிலூரில். அப்பா சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்தார். பி.காம். முடித்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளை ஜுனைத் அதிர்ந்து பேசாதவன். அவன் அப்பா ஜமால் முகமது விட்டுப்போன மருந்துக் கடையை அப்படியே நடத்திவந்தான். பெண்கள் வந்தால் ஆண்பிள்ளையிடம் சொல்லக் கூச்சப்படுகிறார்கள் என்று ஷிரின் கடையில் உட்கார ஆரம்பித்தாள். கைராசிக்காரி என்று சீக்கிரமே பெயர் எடுத்தாள்.

உரை மருந்து கேட்டு வருகிறவர்களிடம் அந்த நாளில் அவள் கேட்கும் முதல் கேள்வி, "புள்ளைக்கு எத்தினி மாசம்?" பதில் வந்தபிறகுதான் ஜாடியைத் திறப்பாள். வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சுக்கு, ஜாதிக்காய். எல்லாம் சோற்றோடு வேகவைத்து வெயிலில் காயவைத்தது. கல்லா ஓரத்தில் ஒரு சின்ன உரைகல் இருக்கும். அதில் தாய்ப்பாலுக்குப் பதில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒவ்வொன்றையும் எப்படி உரச வேண்டும் என்று செய்து காட்டுவாள். மாசத்துக்கு ஓர் உரசல். அஞ்சு மாசப் பிள்ளைக்கு அஞ்சு. ஜாதிக்காய் மட்டும், எத்தனை மாசமானாலும், ஒரே ஒரு சுற்று. "இது கம்மியா இருந்தா தூக்கம். ஜாஸ்தி ஆனா வெஷம்" என்பாள். அப்படி உரசியதில் கல்லில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்தால் ஒரு நகக்கண் நிறையாது. அவ்வளவுதான் பிள்ளைக்கு. தன் மகளுக்கும் அவள் அப்படித்தான் கொடுத்து வளர்த்தாள்.

ஆகவே அவளுக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அவளும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

கொரோனா வந்து கடையை மூடிக்கொண்டு வீட்டில் கிடந்தபோதுதான் போனை எடுத்தாள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே இருந்து சடையன் என்பவர் வருஷக்கணக்காகக் கடைக்குக் கடுக்காயும் சீயக்காயும் இறக்குவார். அவர் கொண்டுவந்த சீயக்காய் மூட்டை விற்காமல் கிடந்தது. அதை அரைத்து, தன் நீளமான முடி மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்துப் போட்டாள். முகத்தைக் காட்டக் கூச்சம். மூன்றே நாளில் மூட்டை காலி. 'ஷிரின் அக்கா கூடை' அப்படித்தான் பிறந்தது. முகத்தைக் காட்டும் கூச்சமும் ஆறு மாதத்தில் போய்விட்டது.

ஆன்லைன் வியாபாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு சாமானை விற்றவர்களை யாரும் சும்மா விடமாட்டார்கள். சீயக்காய் வாங்கினவள் தலைக்கு எண்ணெய் இருக்கா என்பாள். எண்ணெய் வாங்கினவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகும், நலங்கு மாவு கேட்பாள். அடுத்த வருஷம் அவளே பிரசவ லேகியம் கேட்பாள். லேகியம் தின்றவள் பிள்ளைக்குக் குளியல் பொடி கேட்பாள். ஷிரின் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு பெண்ணின் ஆயுசு போகிற வழியிலேயே அவள் கூடையும் ஒவ்வொரு சாமானாக நிறைந்துகொண்டே போனது. தனியாக இருக்கும் தாய்மார்களுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று வீடியோ காலில் அரைமணி நேரம் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்தாள். பிள்ளை பிறந்த தேதியை ஒவ்வொருத்தியிடமும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். ஆறு மாதம் ஆனதும் "செல்லத்துக்கு ஆறு மாசம் ஆயிடுச்சு, கூழ் மாவு ரெடி" என்று தானாகவே மெசேஜ் போகும். பெற்றவளே மறந்த தேதியைக் கூடை மறக்காது.

சடையன் மாதத்துக்கு இரண்டு மூட்டையைப் பஸ்ஸில் போட்டுக் கச்சிராயபாளையம் வழியாகக் கொண்டுவந்தவர், வாரத்துக்கு ஒரு லோடு ஆட்டோ பிடிக்கும் நிலைக்கு வந்தார். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஆறு பெண்கள் பேக்கிங் வேலை செய்தார்கள். மூத்தவள் விஜயலட்சுமி. புருஷனை இழந்து, இரண்டு பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தவள்.

உரை மருந்தும் கூடைக்கு வந்தது. முதலில் ஐந்து சாமானும் ஓர் உரைகல்லும் சேர்த்து அட்டைப்பெட்டியில் போனது. கல் கூரியரில் உடைந்தது. உடையாத கல்லுக்கும் திட்டு வந்தது. "டைம் இல்ல சிஸ்டர்." "எங்க வூட்ல யாருக்கும் உரசத் தெரியல." "பொடியா குடுத்தா கலக்கிக் குடுத்துட்டுப் போய்க்கினே இருப்போம்ல?" மூன்று மாதம் ஷிரின் பிடி கொடுக்கவில்லை. அப்புறம் வேறு யாரோ பொடியாகவே விற்கிறார்கள் என்று ஒருத்தி படம் பிடித்து அனுப்பினாள். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சும்மா இருக்க மனசு கேட்கவில்லை. தானும் பொடியாகவே போடப்போவதாகக் கொட்டகைக்கு வந்திருந்த சடையனிடம் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"கல்லு எதுக்கும்மா இருக்குது?" என்றார் சடையன். "நம்ம கை அள்ளிடக் கூடாதுன்னுதான இருக்குது."

அவள் சிரித்துவிட்டு, சிட்டிகை அளவு என்று லேபிளில் போட்டுவிடலாம் என்றாள். போடவும் போட்டாள். அந்த லேபிளை இப்போதும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். சின்ன எழுத்துத்தான், ஆனால் இருக்கிறது.

பொடி வந்த அன்று காலை கொட்டகையில் ஒரே அமளி. டப்பாவெல்லாம் சேலத்தில் இருந்து மொத்தமாக வந்தது. சத்துமாவுக்கும் கூழ் மாவுக்கும் வாங்கிய அதே டப்பா, அதே வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன். ஷிரின் போனைக் காதில் வைத்துக் கூரியர்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுக்கும் ஸ்பூன் போட்லாமா?" என்று விஜயலட்சுமி கேட்டாள்.

ஷிரின் போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள். "போடு. எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும்."

ஐந்து வார்த்தை. எந்த வேலைக்காரியும் எந்த முதலாளியம்மாவும் தினம் பேசிக்கொள்கிற பேச்சு. அன்றைக்கு மதியமே நாற்பத்திரண்டு டப்பா போனது.

எலவனாசூர்கோட்டையில் இருந்து தேவிப்ரியா என்ற பெண் ஒரு டப்பா வாங்கினாள். இருபத்திரண்டு வயது, முதல் பிள்ளை, பெண். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். மாமியார் ரங்கம்மாள் பொழுது விடியும் முன்பே கரும்பு வெட்டப் போய்விடுவாள். ஷிரின் அக்காவின் குளிப்பாட்டும் வீடியோக்களைப் பார்த்துத்தான் தேவிப்ரியா பிள்ளையைத் தண்ணீரில் வைக்கவே கற்றுக்கொண்டாள். ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அவளிடம் இருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. லேபிள் ஒட்டிக்கொண்டே ஷிரின் அதை ஓடவிட்டாள். "அக்கா, இன்னிக்கிப் பாப்பாவுக்குத் தலைக்கு ஊத்தி ஒங்க உரை மருந்து குடுத்தேன்க்கா. நல்லா தூங்கிக்கினு இருக்குது. ரொம்ப தேங்க்ஸ்க்கா." அதுவரைக்கும் கேட்டாள். ஓர் இதயப் படத்தைப் பதிலாகத் தட்டிவிட்டு, அந்த முதல் துண்டை வெட்டி ஸ்டேட்டஸில் வைத்தாள். கீழே "தாய்மார்கள் சொல்கிறார்கள்" என்று எழுதினாள்.

பதினேழு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, ஜுனைத் தொழுகைக்குப் போயிருந்த நேரம். ஆறு மாதம் முடிந்த பிள்ளைகளுக்குக் கூழ் மாவு மெசேஜ் போனது. ஒருத்தியிடம் இருந்து உடனே பதில் வந்தது.

"பாப்பா இல்லக்கா."

என்னமோ தவறாக அடித்துவிட்டாள் என்றுதான் ஷிரின் முதலில் நினைத்தாள். பிறகு வரிசையாகத் தேவிப்ரியாவின் குரல் பதிவுகள் வந்தன. அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரியே, தூக்கத்தில் பிள்ளைக்கு மூச்சு திணறியிருக்கிறது. ஆட்டோவில் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. கடைசியா என்ன கொடுத்தீங்க என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, பால்தான் என்று சொல்லியிருக்கிறாள். மருந்து ஏதாவது என்றதற்கு இல்லை என்றிருக்கிறாள். பொய் சொல்லவில்லை பாவம். நம் பக்கத்தில் யார் உரை மருந்தை மருந்து என்று கணக்கில் வைக்கிறார்கள்? தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி போடுவது மாதிரி, அதுவும் ஒன்று. பால் புரையேறியிருக்கும் என்று எல்லோரும் பேசி முடித்தார்கள். பால் கொடுத்துவிட்டு முதுகில் தட்டாமல் படுக்கவைத்துவிட்டாள் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். புருஷன் காரியம் முடிந்து திருப்பூர் போனவன் போனை எடுப்பதில்லை.

"தோள்ல போட்டுத் தட்டுனேன்க்கா," என்றது கடைசிப் பதிவு. "நெஜமா தட்டுனேன். ஏப்பம் கூட வுட்டுச்சு. யாரும் நம்ப மாட்டேங்குறாங்க."

ஷிரின் மேலே தள்ளிக்கொண்டு போய் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பதிவைக் கண்டுபிடித்தாள். தேங்க்ஸுக்கு அப்புறம் அது நிற்கவில்லை.

"அதுல இருந்த ஸ்பூன்ல ஒரு ஸ்பூன் பால்ல கலந்து குடுத்தேன். சரிதானக்கா? மத்தியானத்துல இருந்து தூங்குது. பாலுக்குக் கூட எந்திரிக்கல. எழுப்பலாமா, வுட்டுடலாமா? சொல்லுங்கக்கா."

அதற்குக் கீழே ஷிரின் போட்ட இதயம் சிவப்பாக இருந்தது.

ஷிரின் அழவில்லை. கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு பேர் சுற்றி நின்று என்னாச்சு என்னாச்சு என்று கேட்டதும் அவளுக்குக் கேட்கவில்லை. பிறகு எழுந்து, பொடி வாங்கிய மற்ற அத்தனை பேருக்கும் அவளே போன் போட்டாள். பொடியைக் கொட்டிவிடுங்கள், பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். நல்லவேளை, மற்ற பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள். "ஏன் சிஸ்டர், நல்லாத்தான தூங்குறான்?" என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள். அவளிடம் மட்டும் ஷிரின் கத்திவிட்டாள்.

ஜுனைத் வந்ததும் எல்லாவற்றையும், அந்தப் பெண் வீட்டுக்கே போய்ச் சொல்லப்போவதையும் சொன்னாள். அவன் தொப்பியைக் கூடக் கழற்றவில்லை.

"நீ போய்ச் சொன்னா போன உசுரு வந்துடுமா?" என்று கேட்டான். "போலீஸ், கேஸுன்னு போவும். வாப்பா வெச்ச கட. கொட்டாயில ஆறு பேரு. மலையில சடையன் மாதிரி எத்தினி வூடு."

"அந்தப் பொண்ணு தட்டலன்னு சொல்றாங்க," என்றாள் ஷிரின். "அவ தட்டியிருக்கா."

"மத்தவங்களுக்குத்தான் சொல்லிட்டியே. இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆவாது. இத்தோட வுடு."

"அவ தட்டியிருக்கா."

ஜுனைத்தைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அவன் பயந்தது எல்லாம் பின்னால் நடக்கத்தான் செய்தது. அதிகாரிகள் வந்து பொடியை எடுத்துக்கொண்டு போனார்கள், கொட்டகையைப் பூட்டினார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. விஜயலட்சுமி இப்போது ஒரு செருப்புக்கடையில் நிற்கிறாள். ஆனால் அன்றைக்கு ஷிரினுக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு காரியம். ஒரு பெண் தலையில் விழுந்த பழி தன்னுடையது. அதைப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலை எலவனாசூர்கோட்டை வழியாகப் போகும் உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் ஏறினாள்.

கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்துகொண்டு போனது. வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அடிப்பார்கள் என்று நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். ஸ்பூனைச் சொல்லலாம், இதயத்தைச் சொல்ல வேண்டாம் என்றும் அந்தப் பஸ்ஸிலேயே எப்படியோ முடிவாகியிருந்தது. அதை மட்டும் தன் வாயால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

ஆஸ்பெஸ்டாஸ் போட்ட வீடு. வாசலில் ரங்கம்மாள் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உள்ளே இருந்து எட்டிப் பார்த்த தேவிப்ரியா ஷிரினை வீடியோவில் பார்த்த முகத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். வெளியே வந்தவளின் முகம் மலர்ந்தது. அந்த வீட்டில் பதினெட்டு நாளாக யாரும் அவளைத் தேடி வந்ததில்லை.

"பொடி அனுப்புனாங்களே, அந்த அக்கா, அத்தை," என்று மாமியாரிடம் சொன்னாள். "பாப்பாவக் கேட்டுக்கினு கள்ளக்குறிச்சியில இருந்து வந்திருக்காங்க." பிளாஸ்டிக் நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

ஷிரின் உட்காரவில்லை. தண்ணீரையும் வாங்கவில்லை.

"அம்மா, பாப்பா பால் புரையேறிப் போவல," என்றாள் ரங்கம்மாளைப் பார்த்து. "ஒங்க மருமவ தட்டித்தான் படுக்கவெச்சிருக்கா. நான் அனுப்புன பொடியாலதான் போச்சு. அதுல ஜாதிக்காய் இருக்குது. கல்லுல ஒரு சுத்து ஒரசிக் குடுக்கவேண்டியது. நான் பொடி பண்ணி, ஸ்பூனும் போட்டு அனுப்பிட்டேன். தப்பு என்னுதுதாம்மா."

ரங்கம்மாளின் கை கீரையில் நின்றது. ஷிரினை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி மருமகளைப் பார்த்தாள்.

"எவ்ளோ குடுத்த?"

"ஒரு ஸ்பூனு, அத்தை."

"அப்ப தட்டாம போவல." ரங்கம்மாள் நிதானமாகச் சொன்னாள். "உன் கையால ஊட்டிவுட்டிருக்க. இத்தினி நாளா நான் வேற நெனச்சிக்கினு இருந்தேன்."

பஸ்ஸில் எவ்வளவோ யோசித்த ஷிரினுக்கு இது மட்டும் தோன்றவில்லை. பழியை எடுத்துக்கொண்டு போக வந்தவள், அதைவிடக் கனமான ஒன்றை அந்தப் பெண்ணின் தலையில் இறக்கிவைத்துவிட்டாள். "இல்லம்மா, அவளுக்குத் தெரியாது, நான்தான்" என்று ஆரம்பித்ததை ரங்கம்மாள் கேட்கவில்லை. கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். "சொந்தப் புள்ளைக்கி எவ்ளோ குடுக்கறதுன்னு தெரியாதவ" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. எதிர் வீட்டில் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி வாசலுக்கு வந்தாள். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

தேவிப்ரியா வீட்டுக்குள் போய் டப்பாவை எடுத்து வந்தாள். ஒரு ஸ்பூன் குறைந்த டப்பா. மூடியைத் திறந்து ஸ்பூனை எடுத்து நீட்டினாள்.

"இது நானா வாங்கி வெச்சது இல்லல்லக்கா?"

"இல்லம்மா. டப்பாவுலயே நான் போட்டு அனுப்புனது."

"இவங்க கிட்ட சொல்லுங்க."

ஷிரின் வாசலில் நின்ற பெண்களிடம் சொன்னாள். ஒருத்தி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான் கேட்டேன்," என்றாள் தேவிப்ரியா. கண்ணில் தண்ணீர் இல்லை. "எழுப்பலாமான்னு ஒங்க கிட்ட கேட்டேன். அதையும் சொல்லுங்க."

ஷிரின் அவள் கையில் இருந்த ஸ்பூனையே பார்த்தாள். எதிர் வீட்டுக்காரி இடுப்பில் இருந்த பிள்ளை சிணுங்கியது.

"கேட்டேன்லக்கா?"

"கேட்ட," என்றாள் ஷிரின். வாசலில் நின்றவர்களிடம் திரும்பினாள். "எழுப்பலாமான்னு கேட்டா. நான் முழுசா கேக்கல. கேக்காமலே நல்லதுன்னு ஹார்ட்டு படம் அனுப்புனேன். எழுப்பியிருந்தா, தூக்கிக்கினு ஓடியிருந்தா, ஒருவேளை பொழச்சிருக்கும்."

"அத்தைக்குக் கேக்கல. உள்ள இருக்காங்க. இன்னொரு தரம் சத்தமா சொல்லுங்க."

ஷிரின் சொன்னாள். உள்ளே ரங்கம்மாள் பாத்திரம் உருட்டும் சத்தம்தான் கேட்டது. தேவிப்ரியா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து, இன்னொரு தரம் என்றாள். ஷிரின் மறுபடியும், முதலில் இருந்து, தெருவுக்கே கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தாள்.